மணலில் மறைந்த ஊர்

யப்பானிய மொழியில் 'சுனா' என்பது மணல். 'ககுரே' என்பது மறைவு. இவ்விரு சொற்களும் சேர்ந்து 'சுனககுரே' என ஆகும்பொழுது, 'மணலில் மறைந்த ஊர்' என்னும் பொருளைத் தரும். இவ்வூரை எந்தத் தேசப்படத்திலும் காண இயலாது. ஆயினும் இதன் தலைவர்களின் பெயர்களையும், இங்கு வாழ்ந்த குடிகளின் கதைகளையும் வரிசை பிறழாது ஒப்புவிக்கும் இளைஞர் உலகின் பல நாடுகளிலும் உளர். நம் வகுப்பறைகளிலும் அத்தகைய பிள்ளைகள் இருக்கின்றனர். 'வெறும் படக்கதைதானே' என்று பெற்றோரும் ஆசிரியரும் அதனைப் புறந்தள்ளுவது வழக்கம். அங்ஙனம் தள்ளுமுன், அவ்வூர் எங்கிருந்து பிறந்தது, அதில் வாழும் குடிகள் யாவர், அவர்தம் கதை நம் பிள்ளைகளிடம் எதனைப் பேசுகிறது என்பவற்றைச் சற்றே ஆராய்ந்து பார்த்தல் நன்று.

இவ்வூரைப் படைத்தவர் 1974ஆம் ஆண்டு ஒக்கயாமா மாவட்டத்திற் பிறந்த கிஷிமோட்டோ மசாஷி என்னும் சித்திரக் கதைஞர். 'நருட்டோ' என்னும் பெயரில் அவர் எழுதி வரைந்த நெடுங்கதை, யப்பானிய வார இதழொன்றில் 1999இல் தொடங்கி 2014இல் நிறைவெய்தியது. அதன் அதிகாரங்கள் 700. நூலாக வந்த தொகுதிகள் 72. அக்கதையுலகில் நெருப்பு, நீர், மண், மின்னல், காற்று என ஐந்து பெருநாடுகள் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் நிஞ்சா எனப்படும் மறைபோர் வீரரின் ஊர் ஒன்று மறைந்திருக்கும். கூலி பெற்றுக் காவல் புரிதல், ஒற்றறிதல், போர் செய்தல் ஆகியன அவ்வூராரின் பிழைப்பு. காற்று நாடு முழுவதும் பாலைவனம். அதன் மறைவூரே சுனககுரே. அவ்வூர்த் தலைவனுக்கு 'கஸேகாகே', அஃதாவது 'காற்றின் நிழல்' என்பது பட்டம்.

மழையும் பனியும் மிகுந்த யப்பானிற் பாலைவனம் ஏது என்று நேயர்கள் வினவலாம். அங்கே பாலைவனம் இல்லை, மணற்பரப்புகள் உண்டு. தொத்தோரி என்னும் இடத்தில் யப்பான் கடலோரமாக ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்திற்கு மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. அபே கோபோ என்னும் எழுத்தாளர் 1962இல் வெளியிட்ட 'மணல்மேட்டுப் பெண்' என்னும் நாவல், மணலுக்குள் அமிழ்ந்துபோகும் ஒரு சிற்றூரைப் பற்றியதே. அவ்வூரார் தம் வீடுகள் புதையாதிருக்கும்பொருட்டு இரவுதோறும் மணலை அள்ளிக் கொண்டேயிருப்பர். ஆகவே, மணலோடு போராடும் ஊர் என்னும் எண்ணம் யப்பானிய வாசகருக்குப் புதியதன்று. நமக்குந்தான் அது புதியதா? வளமிழந்த நிலத்தைப் பாலை என வகுத்து, அங்கு வாழ்வோர் வழிப்பறியை நாட நேர்ந்ததைப் பாடிய மரபில் வந்தவர் நாம். நிலம் வறண்டால் மக்களின் தொழிலும் வறண்ட வழியிற் செல்லும் என்பதை நாம் அறிவோம்.

இனி, கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். மறைவூர் என்பது முழுவதும் கற்பனையன்று. யப்பானின் பழந்தலைநகராகிய கியோத்தோவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மலைநாட்டில் இகா, கோகா என இரு பகுதிகள் உள. இகா இன்று மியே மாவட்டத்திலும், கோகா சிகா மாவட்டத்திலும் அடங்கும். நாற்புறமும் மலை சூழ்ந்த இகாவில் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் வலிமைமிக்க சிற்றரசர் எவரும் நிலைத்து ஆளவில்லை. நிலமுடைய சிறு குடும்பங்கள் தத்தம் வீட்டைச் சுற்றி மண் அரண் எழுப்பி வாழ்ந்தன. அத்தகைய சிற்றரண்களின் சுவடுகள் இன்றும் நூற்றுக்கணக்கிற் காணப்படுகின்றன. இக்குடும்பங்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓர் ஆட்சியை அமைத்து, அதற்கு எழுத்தில் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கை 11 விதிகளைக் கொண்டது. அந்நியர் படையெடுத்து வந்தால் ஊர்தோறும் மணி ஒலிக்க வேண்டும். 17 வயது முதல் 50 வயது வரையுள்ள ஆடவர் யாவரும் காவலுக்குப் புறப்பட வேண்டும். அந்நியரை உள்ளே அழைத்து வருபவன் தண்டிக்கப்பட வேண்டும். எல்லைக்கோட்டையைக் கைப்பற்றும் உழவன் வீரர் வரிசைக்கு உயர்த்தப்பட வேண்டும். அண்டைப் பகுதியான கோகாவோடு கூடிப் பேசுவதற்கும் அதில் இடமிருந்தது. மந்திரம், மாயம் என்று அவ்விதிகளில் எதுவும் இல்லை. தம்மைத் தாமே காத்துக்கொள்ள முனைந்த சிறு குடிகளின் ஏற்பாடு அது.

மலைநாட்டு வயல்கள் எல்லாருக்கும் போதுமானவை அல்ல. எனவே இகா, கோகாக் குடிகளிற் பலர் தம் திறமையைப் பிறருக்கு விற்றனர். 1487இல் ஷோகுன் அஷிகாகா யொஷிஹிசா பெரும்படையோடு ஓமி நாட்டில் வந்து தங்கியபொழுது, கோகா வீரர் இரவில் அவருடைய பாசறையைத் தாக்கிப் புகழ் பெற்றனர். 1541இல் இகா மாந்தர் எழுபது எண்பது பேர் கசாகிக் கோட்டையினுள் இரகசியமாகப் புகுந்து தீயிட்ட செய்தி, நாரா நகரத்து மடமொன்றின் நாட்குறிப்பிற் பதிவாகியுள்ளது. இத்தகையோரை அக்காலத்தார் 'சினோபி' என்றனர். 'நிஞ்சா' என்னும் உச்சரிப்புப் பரவியது 20ஆம் நூற்றாண்டிலேதான்.

இந்தச் சுதந்திரம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1579இல் ஓடா நொபுநாகாவின் மகன் நொபுகாட்சு இகாவின்மீது படையெடுத்துத் தோற்றான். சினங்கொண்ட தந்தை 1581இல் பல்லாயிரம் வீரரைப் பல வழிகளால் ஒருங்கே அனுப்பினார். ஊர்களும் கோயில்களும் எரிந்தன. இகாவின் தன்னாட்சி அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டு நொபுநாகா கொலையுண்டபொழுது, சிறுபடையுடன் சக்காய் நகரிற் சிக்குண்ட தொகுகாவா இயேயாசு, இகா வழியாகத் தப்பி ஊர் சேர்ந்தார். இகாவிலிருந்து வந்த குடும்பத்தவரான ஹத்தோரி ஹன்சோவும், அப்பகுதி மக்களும் அவருக்குத் துணை நின்றனர். அதன் பயனாக இகா மாந்தர் பலர் இயேயாசுவின் சேவையில் அமர்ந்தனர். தோக்கியோவில் மன்னர் மாளிகையின் வாயில்களுள் ஒன்று இன்றும் 'ஹன்சோ வாயில்' என்றே வழங்குகிறது. நாட்டில் அமைதி நிலவத் தொடங்கிய பின்னர், அதே இகா மண்ணில் 1644இல் பிறந்தவர்தாம் ஹைக்கூக் கவிஞர் பாஷோ.

தொழில் மறையும் தறுவாயிலேதான் நூல்கள் எழுந்தன. 1676இல் இகாவைச் சேர்ந்த ஃபுஜிபாயாஷி என்பவர் 'பன்சென்ஷூக்காய்' என்னும் தொகைநூலை இயற்றினார். பல்லாயிரம் ஆறுகள் கலக்கும் கடல் என்பது அப்பெயரின் கருத்து. கயிற்றேணி, தீப்பொறி, பூட்டுத் திறத்தல் முதலியவற்றை விரித்துரைக்கும் அந்நூல், அவற்றுக்கு முன்னதாக வைப்பது நேர்மையான உள்ளத்தைப் பற்றிய பகுதியை. நேர்மையின்றி இக்கலையைக் கைக்கொள்பவன் திருடனேயாவான் என்பது ஆசிரியரின் துணிபு. 1681இல் தோன்றிய 'ஷோனின்கி' என்னும் நூலோ, ஒற்றன் ஏற்கத்தக்க ஏழு வேடங்களைக் கூறுகிறது. துறவி, வணிகன், கூத்தாடி, சாதாரண மனிதன் ஆகியோர் அவ்வரிசையில் உளர். துறவுக்கோலத்தில் உலவும் ஒற்றரை 'ஒற்றாடல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும் குறிப்பிட்டிருத்தலை நேயர்கள் நினைவுகூர்வர். ஒற்றனுக்கு வேண்டுவது பிறர் கண்ணிற் படாத சாதாரணத் தோற்றம். நாம் படங்களிற் காணும் கறுப்பு உடை, நாடக மேடையிலிருந்தும் பிற்காலச் சித்திரங்களிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. யப்பானிய மேடையில் கறுப்புடை தரித்த உதவியாளரைப் 'பாராதவர்போல் இருத்தல்' பார்வையாளரின் மரபு. கண்முன்னே நின்றும் காணப்படாதவர் என்னும் அக்குறிப்பு நிஞ்சாவுக்கு நன்கு பொருந்திற்று.

இவ்வாறு நூலும் மேடையும் சேர்ந்து வளர்த்த கற்பனையின் வழித்தோன்றலே மணலூர். இங்கு இரண்டு குடிகள் முதன்மையானவை. ஒன்று, மணலை ஆளும் தலைவர் குடி; மற்றது, பாவைகளை ஆட்டும் குடி.

ஊரின் மூன்றாம் தலைவனது ஆயுதம் இரும்பு மணல். இதிலே கற்பனை பாதி, உண்மை பாதி. யப்பானில் இரும்புத்தாது மணலாகவே கிடைக்கிறது. அதனைக் கரியோடு களிமண் உலையிலிட்டு உருக்கியே புகழ்பெற்ற வாள்களுக்கான எஃகைச் செய்தனர். நான்காம் தலைவனது ஆயுதம் பொன்மணல். அவன் மகன் காராவுக்கு வெறும் மணலே ஆயுதமாயிற்று. அவன் விரும்பினும் விரும்பாவிடினும் அம்மணல் எழுந்து அவனைக் காக்கும்.

பாவைக் குடியின் கலைக்கு மூலம் 'புன்ராக்கு' எனப்படும் ஒசாக்கா நகரத்துப் பாவைக்கூத்து. அங்கே ஒரு பாவையை மூவர் சேர்ந்து ஆட்டுவர்: தலைமை ஆட்டுநர் தலையையும் வலக்கையையும், இரண்டாமவர் இடக்கையையும், மூன்றாமவர் கால்களையும் இயக்குவர். அக்கூத்துக்குப் பெரும் நாடகங்களை எழுதித் தந்தவர் 1653 முதல் 1725 வரை வாழ்ந்த சிக்கமத்சு மொன்சயெமொன். மணலூரின் மூதாட்டி சியோ, தன் பத்து விரல்களால் இயக்கும் பத்துப் பாவைகளுக்குச் 'சிக்கமத்சுவின் திரட்டு' என்றே பெயர். அவற்றை முதலிற் செய்தவனாகக் கதை குறிப்பிடும் பெயரும் மொன்சயெமொனே. பழைய கலைஞனுக்குப் புதிய கதைஞர் செலுத்திய மரியாதை இது எனலாம்.

இக்குடிகளின் வாழ்வில் முடிச்சு விழுவது பணத்தினால். காற்று நாட்டின் பிரபு செலவைக் குறைக்க எண்ணி, தன் நாட்டு மறைவூருக்குத் தர வேண்டிய வேலைகளை அயல்நாடான நெருப்பு நாட்டின் மறைவூருக்குக் கொடுக்கத் தொடங்கினான். விளைச்சலும் இல்லை, வேலையும் இல்லை. வீரரின் தொகை குன்றிற்று. போரைத் தவிர வேறு தொழில் அறியாத ஊர், அப்போரும் கிடையாதபொழுது என் செய்யும்? தொகையிற் குறைந்ததை வலிமையில் ஈடுசெய்ய முடிவெடுத்தான் நான்காம் தலைவன். 'சுக்காக்கு' என்னும் மணற்பூதத்தை, தன் மனைவியின் வயிற்றிலிருந்த சிசுவினுள் அடைக்குமாறு பணித்தான். அதனைச் செய்து முடித்தவர் மூதாட்டி சியோ. பிரசவத்தில் தாய் இறந்தாள். பிள்ளை, ஊரின் ஆயுதமாகப் பிறந்தது.

சுக்காக்கு என்னும் பெயரும் கதைஞர் புதிதாகப் புனைந்ததன்று. மொரின்ஜி என்னும் கோயிலில் தேநீர் வற்றாத கெண்டி ஒன்றை வைத்திருந்த சுக்காக்கு என்னும் துறவி, உண்மையில் உருமாறிய 'தனுக்கி' என்னும் விலங்கே என்பது யப்பானியப் பழங்கதை. சிறுவரை மகிழ்விக்கும் அக்கதையிலிருந்து ஒரு சிறுவனை வதைக்கும் பூதம் உருவாயிற்று.

காராவின் பிள்ளைப்பருவத்தைக் கதை விரிவாகவே காட்டுகிறது. ஊர்ப்பிள்ளைகள் அவனைக் கண்டு ஓடினர். அன்பு காட்டியவர் தாய்மாமன் ஒருவரே. அவரையும் தந்தை ஏவி, மகனைச் சோதிக்கவும் கொல்லவும் பணித்தான். தாக்கியவன் யார் என்று முகத்திரையை விலக்கிப் பார்த்த சிறுவன், அங்கே மாமனைக் கண்டான். 'உன் தாய் உன்னை ஒருபோதும் நேசிக்கவில்லை. காரா என்னும் பெயருக்குத் தன்னை மட்டுமே நேசிக்கும் அசுரன் என்பது பொருள்' என்று கூறி அவர் உயிர் விட்டார். அசுரன் என நாம் வழங்கும் அதே வடசொல்தான் பௌத்தத்தோடு யப்பானுக்கும் சென்றது. அன்றிரவு மணலைக் கொண்டு தன் நெற்றியிலே 'அன்பு' என்னும் எழுத்தைச் சிறுவன் பொறித்துக் கொண்டான். அவ்வெழுத்தே அவனுடைய அடையாளம் ஆயிற்று.

பாவைக் குடியின் துயரமும் இதற்குக் குறைந்ததன்று. சியோவின் மகனும் மருமகளும் முன்னொரு போரில் மாண்டனர். அவர்கள் விட்டுச் சென்ற குழந்தை சசோரிக்குப் பாட்டி, தனிமை தீரட்டும் என்று பாவைக் கலையைக் கற்றுக் கொடுத்தாள். அவன் முதன்முதலாகச் செய்த பாவைகள் தாயும் தந்தையுமே. அவற்றின் கைகளைத் தன்னைத் தழுவுமாறு இயக்கிப் பார்த்தான், மரக்கைகள் தழுவின, அவற்றில் உயிர்ச்சூடு இல்லை. பின்னாளில் அவன் மனிதரையே பாவைகளாக்கினான். ஊரின் மூன்றாம் தலைவனைக் கொன்று பாவையாக்கினான். இறுதியில் தன் உடலையும் அவ்வாறே மாற்றிக் கொண்டான். ஒரு வீட்டில் பிள்ளையை ஆயுதமாக்கினர். மற்றொரு வீட்டில் பிள்ளை தானே ஆயுதமாயிற்று. ஆக்கியது ஒரே ஊர், காரணமும் ஒன்றே.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, 'இத்தகைய கொடுமைகளையா நம் பிள்ளைகள் படிக்கின்றனர்?' என்று சிலர் அஞ்சக்கூடும். அஞ்ச வேண்டுவதில்லை, கதை அங்கே நின்றுவிடவில்லை. கதையின் நாயகன் நருட்டோவும் காராவைப் போன்றவனே. அவனுள்ளும் பிறந்த அன்றே ஒரு பூதம் அடைக்கப்பட்டது. அவனையும் ஊர் வெறுத்தது. அவனுக்கும் தாய் தந்தையர் இல்லை. அப்படியிருக்க, ஒருவன் ஊரைக் காக்க விரும்பியதும், மற்றவன் கொலையை நாடியதும் எதனால்? நருட்டோவுக்கு இருகா என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பெற்றோரைக் கொன்றது நருட்டோவினுள் இருந்த அதே பூதம். வெறுப்பதற்கு மற்றெல்லாரையும்விட அதிகக் காரணமுடைய அவர், அச்சிறுவனைத் தம் மாணாக்கன் என்று ஊரறிய ஏற்றுக்கொண்டார். காராவுக்கு அத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவரையும் ஏவல் கெடுத்தது. ஏறத்தாழ ஒரே சுமையைத் தாங்கிய இரு பிள்ளைகளை வேறுபடுத்தியது ஓர் ஆசிரியரின் முகம் என்பதை, நூற்றுக்கணக்கான அதிகாரங்களில் இக்கதை சொல்லிக்கொண்டே செல்கிறது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை விளையாட்டுச் செய்தியாகக் கொள்ளலாகாது.

நருட்டோவோடு பொருது தோற்ற பின்னரே காரா தன்னைப் போன்ற ஒருவனைக் கண்டான். அச்சமூட்டி வாழ்ந்தவன், ஊருக்குப் பயன்பட்டு அதன் மதிப்பைப் பெற விழைந்தான். இளம் வயதிலேயே ஐந்தாம் தலைவனும் ஆனான். வானிலிருந்து பகைவன் எறிந்த வெடி ஊரை அழிக்க இருந்தபொழுது, பாலைவனத்து மணலையெல்லாம் கூரையாக விரித்து ஊரைக் காத்தான்; தன்னைக் காக்கும் மணல் எஞ்சாமையால் பகைவர் கையிற் சிக்கி உயிர் துறந்தான். அவனை மீட்டவர் யார்? கருவிலே அவனுள் பூதத்தை அடைத்த அதே சியோ. தம் உயிரை அவனுக்கு ஈந்து மூதாட்டி மாண்டார். முதியோர் இழைத்த தவற்றுக்கு முதியோரே விலை கொடுத்தல் வேண்டும் என்னும் நீதி இங்கே சொல்லாமற் சொல்லப்படுகிறது.

கதையின் பிற்பகுதியில், மந்திரத்தால் எழுப்பப்பட்ட தந்தையும் மகனும் போர்க்களத்தில் எதிர்ப்படுகின்றனர். காராவைத் தானாகவே காத்து வந்த மணல் பூதத்தின் ஆற்றலன்று, இறந்த தாயின் அன்பே என்னும் உண்மை அங்கே வெளிப்படுகிறது. அவள் நேசிக்கவில்லை என்று மாமன் கூறியது தந்தை கூறச் சொன்ன பொய். தான் ஆக்கிய ஆயுதத்தின் தகுதியை அளந்து அளந்து பார்த்த தந்தை, தான் ஆக்காத ஒன்றே மகனைக் காத்தது என்று கண்டு கண்ணீர் விடுகிறான்.

வரலாற்றையும் கதையையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். இகாவின் உழவர் மறைந்து வாழ்ந்தது உலகை அச்சுறுத்துவதற்கன்று. தம் வயலையும் வீட்டையும் காப்பதற்கு. அவர்தம் விதிகள் காவலுக்கு அழைத்தது 17 வயது நிரம்பியோரை, குழந்தைகளையன்று. மணலூரின் குற்றம் வறுமையன்று. வறுமைக்கு மருந்தாகப் பிள்ளைகளைச் செலவிடத் துணிந்ததே அதன் குற்றம். எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் முதியோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதுண்டு. அதன் விடையை அறிபவர் பிள்ளைகளே.

'நிஞ்சா' என்னும் சொல்லின் முதலெழுத்து, இதயத்தைக் குறிக்கும் வடிவத்தின் மேல் வாளின் கூர்முனையைக் குறிக்கும் வடிவத்தை வைத்து எழுதப்படுவது. மறைதல் என்றும் பொறுத்தல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. வாளை மட்டும் கண்டு பிள்ளைகளின் கையிலிருந்து நூலைப் பறித்தல் எளிது. அவர்கள் அருகிலமர்ந்து, 'இவர்களுள் உனக்குப் பிடித்தவர் யார்? ஏன்?' என்று வினவுதல் அதனினும் பயனுடையது. அதற்கு ஒரு பிள்ளை தயக்கத்தோடு காராவின் பெயரைச் சொல்லுமாயின், அடுத்த கேள்வியை மெல்லக் கேளுங்கள்; விடையைப் பொறுமையோடு கேட்டிருங்கள்.